உறுதி

அம்மாவின் காணி உறுதிகள் ஒரு நெஸ்டமோல்ட் பேணிக்குள் இருந்தன. வெளியே எழுத்தெல்லாம் உரிந்து வெறும் தகரம் தெரியும். மூடியைக் கிளப்பக் கரண்டிக் காம்பு வேண்டும். திறந்தால் முதலில் பூச்சி உருண்டை மணக்கும், பிறகுதான் பழைய தாள் மணக்கும்.

யாழ்ப்பாணத்தில் பிறக்காதவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் உறுதி என்றால் மனத்திடம் இல்லை, காணிப் பத்திரம். பெண் கேட்டு வருகிறவர்கள் குணம் விசாரிப்பதற்கு முன் உறுதி விசாரிப்பார்கள். காணிக்கும் ஆளைப் போலப் பெயர் உண்டு. எங்களுடையது இலந்தையடி. இலந்தை மரத்தை நான் கண்டதில்லை, அம்மாவும் கண்டதில்லை. பதினான்கு பரப்பு. பதினாறு பரப்பு ஓர் ஏக்கர் என்றால் அளவு விளங்கும். பெரிய சொத்தில்லை. ஆனால் தெல்லிப்பளைக்கு வடக்கே செம்பாட்டு மண், வற்றாத கிணறு, புகையிலையும் வெங்காயமும் மாறி மாறி விளையும். நாலு எல்லையும் சொல்லி, வீடும் கிணறும் வான்பயிர் செய்பயிரும் வழிவாய்க்காலும் சொல்லி, ஒரே வசனமாக ஒன்றரைப் பக்கம் ஓடும் அந்த உறுதியை அம்மா பாடமாக்கி வைத்திருந்தா. சங்கீதத்தில் இருபத்து மூன்றுக்கு அடுத்தபடியாக அவவுக்குப் பிழையில்லாமல் வந்தது அதுதான்.

நாங்கள் வேதக்காரர். 1816இல் டானியல் பூவர் என்ற அமெரிக்கன் மிஷன் பாதிரியார் தெல்லிப்பளையில் வந்து குடியிருந்து பள்ளிக்கூடம் தொடங்கினார். அதற்குப் பிந்திய ஏதோ ஒரு தலைமுறையில் எங்கள் குடும்பத்தில் ஒருவர் ஞானஸ்நானம் எடுத்தார். இங்கிலீசுக்கும் உத்தியோகத்துக்கும்தான் எடுத்தார் என்று ஊரில் சொல்வார்கள். சோற்றுக் கிறிஸ்தவர் என்ற பட்டம் எங்களுக்கும் கிடைத்தது. உண்மை கொஞ்சம் இருக்கலாம். எடுத்தவருடைய பேரப்பிள்ளைகள் நம்பிக்கையோடு செபித்தார்கள் என்பதும் உண்மை.

ஆனால் மதம் மாறியது, வழமை மாறவில்லை. ஒல்லாந்தர் 1707இல் எழுதிவைத்த தேசவழமைச் சட்டப்படி தாயின் சீதனக் காணி மகளுக்குப் போகும். சைவருக்கும் அதுதான், எங்களுக்கும் அதுதான். உடுவில் பெண்கள் பள்ளியில் தங்கிப் படித்த பிள்ளைகளைக் கரைசேர்க்க மிஷனே சீதனமாகச் சிறு தொகை கொடுத்திருக்கிறது. அவர்களுக்கும் வேறு வழி தெரிந்திராது.

அப்பு, அதாவது என் பாட்டனார், கோயில் மூப்பர். நாலரை அடி வேலி தள்ளிப்போட்டதற்காகத் தன் சொந்தத் தம்பியோடு பதினொரு வருடம் கோடேறினார். ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஒரே கோயிலில், ஒருவர் வலப்பக்க வாங்கிலும் மற்றவர் இடப்பக்க வாங்கிலும் இருப்பார்கள். இராப்போசனத்துக்கு முன் போதகர் ஐயா ஒருவரோடொருவர் சமாதானமாகச் சொல்வார். இருவரும் தங்கள் பக்கத்தில் இருக்கிறவர்களோடு சமாதானமாகிவிட்டுப் போய் முழங்காலில் நிற்பார்கள். வழக்கில் அப்பு வென்றார். வென்ற நிலத்தில் ஒரு முருங்கை நட்டார்.

உலகப் பற்றைப் பற்றி எங்கள் கோயிலில் நிறையப் பிரசங்கம் கேட்டிருக்கிறேன். சினிமா, சீட்டு, சாராயம், நகை எல்லாம் வரும். காணி வந்து கேட்டதில்லை. பிரசங்கம் பண்ணுகிறவருக்கும் எங்கேயாவது ஒரு வளவு இருந்திருக்கும். துறவு என்பது எங்களைப் பொறுத்தவரை தோலகட்டியில் செபமாலைத் தாசர் செய்கிற வேலை. 1928இல் தோமஸ் அடிகள் தொடங்கிய கத்தோலிக்க மடம் அது. கிட்டத்தான் இருந்தது. அங்கே எங்களுக்குத் தேவைப்பட்டது அவர்கள் காய்ச்சுகிற நெல்லிரசம் மட்டும்.

இனிக் கிணற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லக் கூச்சமாக இருந்தாலும் அதைச் சொல்லாமல் மிச்சத்தைச் சொல்ல முடியாது. இலந்தையடியின் தெற்கு மூலையில் மூன்று குடிசைகள் இருந்தன. எங்கள் தோட்டத்தில் வேலை செய்த குடும்பங்கள். அவர்களுடைய பெண்கள் பின்னேரம் குடத்தோடு வந்து கிணற்றடிக்கு ஆறேழு முழம் தள்ளி நிற்பார்கள். எங்கள் வீட்டில் யாராவது போய்த் துலாக்கொடியைப் பிடித்து அள்ளி ஊற்றவேண்டும். அவர்கள் கொடியைத் தொடக்கூடாது. ஆள் வரச் சுணங்கினால் நின்றுகொண்டே இருப்பார்கள், கூப்பிடமாட்டார்கள். சிறுபிள்ளையில் எனக்கு அது விளையாட்டு. “நான் ஊத்துறன்” என்று ஓடுவேன். 1968இல் பக்கத்து மாவிட்டபுரத்தில் தாழ்த்தப்பட்ட சாதியினருக்குக் கோயில் கதவைத் திறக்கச் சொல்லிப் போராட்டம் நடந்தபோது எங்கள் வீட்டில் எல்லோரும் சைவக்காரரைப் பற்றிக் குறைவாகக் கதைத்தார்கள். எங்கள் கோயிலில் அப்படிப் பூட்டிய கதவு இல்லை என்றார் அப்பு. அந்த மூன்று குடும்பத்தில் ஒன்று எங்கள் சபையிலேயே இருந்தது. ஒரே அப்பத்தில் பிட்டுச் சாப்பிட்டோம். தண்ணீரை மட்டும் நாங்கள் அள்ளி ஊற்றினோம்.

1990 ஆனி 15ஆம் திகதி யுத்தத்தால் எங்கள் வலிகாமம் வடக்குச் சனம் எழும்பியது. அம்மா எடுத்தது வேதப்புத்தகம், பிள்ளைகளின் பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள், பேணி. ரெண்டு கிழமையில் திரும்பலாம் என்று ஆட்டுக்கு மூன்று நாள் குழை கட்டிவிட்டு வந்தா. உடுவிலில் பெரியம்மா வீட்டில் ஒரு அறை கிடைத்தது. அங்கே இருக்கும்போதுதான் எனக்குக் கலியாணம் நடந்தது. இலந்தையடி எனக்கென்று வாய்ச்சொல்லாகப் பேசி முடித்தார்கள். போகமுடியாத காணிக்கு உறுதி எழுதி என்ன பண்ணுவது, திரும்பிப் போனதும் எழுதுவோம் என்று மாப்பிள்ளை வீட்டாரும் சொன்னார்கள். நல்ல மனிதர்கள்.

1995 ஐப்பசி 30. அந்த இரவை நடந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, நடக்காதவர்களுக்குச் சொல்லி விளங்காது. வலிகாமம் முழுவதும் ஒரே றோட்டில் நாவற்குழிப் பாலத்தைப் பார்த்து நகர்ந்தது. அடி வைக்க இடமில்லை. மழை. சைக்கிளில் கட்டிய மூட்டைகள் நனைந்து பாரம் கூடி, ஆட்கள் சைக்கிளோடு சரிந்து விழுந்தார்கள். பாலத்துக்கு இந்தப் பக்கம் எங்களுக்கு முன்னால் ஒரு பெண் பிள்ளைத்தாச்சி மாதிரி நடந்துகொண்டிருந்தாள். பிறகுதான் தெரிந்தது, பிள்ளை வயிற்றில் இல்லை, சட்டைக்குள். பிறந்து அஞ்சாறு நாள் இருக்கும். சேலைத் தலைப்பால் மூடியிருந்தாள், அது பிழியப் பிழிய நனைந்திருந்தது.

பேணியின் மூடி அப்போதே சரியாக இறுகாது. அதனால் அம்மா அதை ரெண்டு சொப்பிங் பையால் சுற்றி, அதற்கு மேலே பெரிய பொலித்தீன் ஒன்றால் கட்டி, சணலால் வரிந்திருந்தா. றோட்டில் நின்று அந்தச் சணலைப் பல்லால் கடித்து அவிழ்த்தா. பொலித்தீனை உதறி அந்தப் பெண்ணின் நெஞ்சுக்குக் குறுக்காகப் போட்டு, பிள்ளையின் முகத்துக்கு மட்டும் இடம் விட்டு முதுகில் முடிந்துவிட்டா. “பிள்ளைக்கு மூச்சு விட வழி பார், மோனை” என்றா. அவ்வளவுதான் கதைத்தா. பத்து நிமிடத்தில் சனம் அவளை எங்கோ தள்ளிக்கொண்டு போய்விட்டது.

சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் எட்டுக் குடும்பம் இருந்தோம். மறுநாள் பேணியைத் திறந்தால் அரைப் பேணி தண்ணீர். அம்மா கரும்பலகைக்குக் குறுக்கே கயிறு கட்டி, தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காயப்போட்டா. பழைய உறுதியில் மை கரைந்து வடக்கெல்லை முழுவதும் நீலப் புகையாகிவிட்டிருந்தது. அதற்குக் கீழே சப்பாணி கட்டிக்கொண்டு இருந்து நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தா. “காணிக் கந்தோரில பதிஞ்சுதானே கிடக்கு” என்று அப்பா சொல்லியும் கேட்கவில்லை. நல்ல காரியம் செய்த நிறைவு அந்த முகத்தில் இருந்தது என்று எழுதினால் அழகாகத்தான் இருக்கும். இருந்ததை எழுதுகிறேன். இரவு என்னை எழுப்பிச் சொன்னா: “ஒரு சொப்பிங் பையைக் குடுத்திருக்கலாம். ஏன் பெரிசைக் குடுத்தனான்?”

அந்த வகுப்பறையில் புதன்கிழமைகளில் செபக்கூட்டம் நடந்தது. எங்களைப் போலவே இடம்பெயர்ந்திருந்த வயதான போதகர் ஒருவர் எபிரெயர் நிருபத்திலிருந்து வாரம் ஓர் அதிகாரம் எடுத்துச் சொன்னார். பதினோராம் அதிகாரத்தை எடுத்தபோது, அங்கே விசுவாசத்துக்குச் சொல்லியிருக்கிற சொல்லைப் பாருங்கள் என்றார். பார்த்தோம். தமிழ் வேதாகமத்தில் அந்த இடத்தில் உறுதி என்றுதான் இருக்கிறது. எத்தனையோ தரம் வாசித்த வசனம்! தமிழில் தற்செயலாக வந்தது என்று நினைக்க வேண்டாம் என்றார். மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல் எகிப்திய மணலில் கிடைத்த பழைய தாள்களில் சொத்து ஆவணங்களைக் குறித்து வந்திருக்கிறது. மோல்ட்டன், மில்லிகன் என்ற இரண்டு அறிஞர்கள் அதை வைத்து, விசுவாசம் என்பது நம்பியிருக்கிறவற்றுக்கான காணி உறுதி மாதிரி என்று எழுதியிருக்கிறார்கள். போதகர் ஐயா இதைச் சொல்லும்போது அவருடைய தலைக்கு மேலே அம்மாவின் உறுதிகள் கயிற்றில் தொங்கின. சிலர் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை.

அதன் பிறகு அம்மா மாறிவிட்டா என்று சொல்லமாட்டேன். 1996இல் வலிகாமம் திரும்பினோம், உடுவில் வரைக்கும். இலந்தையடி இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்தது. அந்த வருடங்களில் அவவுக்குப் பிடித்த ஆள் எரேமியா. எருசலேமைப் பகைவன் வளைத்து நிற்கிறான், எரேமியா காவலில் இருக்கிறார், அந்த நேரத்தில் ஆனதோத்தில் காணி வாங்குகிறார். பதினேழு சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, சாட்சி வைத்து, உறுதி எழுதி, நெடுநாள் இருக்கட்டும் என்று மண்பாண்டத்துக்குள் போட்டு வைக்கச் சொல்கிறார். “பேணிதான்” என்பா அம்மா. 2013 சித்திரையில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்கப்போவதாக அறிவித்தல் வந்தபோதும் எரேமியாவைத்தான் வாசித்தா. ஆக, வேதமும் காணியை விடச் சொல்லவில்லை, பிடித்துக்கொண்டு இருக்கத்தான் சொல்கிறது என்று நாங்கள் எல்லோரும் ஆறுதல்பட்டோம்.

அப்பா 2001இல் போனார். பிறகு அம்மா மருதனார்மடத்துக் கிறிஸ்தசேவ ஆச்சிரமத்துக்குத் தியானத்துக்குப் போகத் தொடங்கினா. 1939இல் தொடங்கிய இடம் அது. திருப்பத்தூரில் யேசுதாசனும் பேட்டனும் 1921இல் நிறுவிய கிறிஸ்துகுல ஆச்சிரமத்தின் வழியில் வந்தது. தமிழனாக இருந்தபடியே துறவு வாழலாம் என்று காட்ட முயன்றவர்கள். அம்மா அங்கே கண்டதாக வந்து சொன்னது பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. நிலத்தில் பாய் போட்டு எல்லோரும் ஒரே வரிசையில் சாப்பிட்டார்களாம், பக்கத்தில் யார் இருந்தார் என்று விசாரிக்கத் தனக்கு வாய் வந்ததாம், விசாரிக்கவில்லையாம். அந்த “வாய் வந்தது” என்பதை ரெண்டு மூன்று தரம் சொன்னா.

2018 சித்திரையில், புதுவருடத்துக்குக் கிட்ட, வலிகாமம் வடக்கில் 683 ஏக்கர் விடுவித்தார்கள். அதில் எங்களுடையதும் வந்தது. இருபத்தெட்டு வருடம். அம்மாவுக்கு எண்பத்திரண்டு வயது. ஓட்டோவில் போனோம். ஒழுங்கை இல்லை, வேலி இல்லை, வீடு இருந்த இடத்தில் அத்திவாரம் மட்டும், எல்லாம் நாயுருவியும் விளாத்தியும். அப்பு பதினொரு வருடம் வழக்காடின எல்லை எது என்று யாருக்கும் தெரியவில்லை. கிணறு மட்டும் கிடந்தது. அம்மா ஒரு செங்கட்டித் துண்டை எடுத்துப் போட்டுத் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டா. “கிடக்கு” என்றா.

அந்த மூன்று குடும்பமும் மல்லாகம் பக்கத்து முகாமில் இருந்தன. 1990இல் எழும்பியவர்கள் இன்னும் ஊருக்குத் திரும்பவில்லை. காணி உள்ளவர்கள் ஒவ்வொருவராகத் திரும்ப, முகாமில் மிஞ்சியது திரும்புவதற்குக் காணி இல்லாதவர்கள். வீட்டுத்திட்டத்துக்குப் பெயர் கொடுக்கப் போனால் முதல் கேள்வியே காணிதான். அவர்கள் எங்கள் மண்ணில் மூன்று தலைமுறை இருந்தவர்கள், ஒரு துண்டுத் தாள் கிடையாது.

காணியைப் பார்த்துவிட்டு வந்த கிழமையே அம்மா சொன்னா. குடும்பத்துக்கு இரண்டு பரப்பாக ஆறு பரப்பு எழுதிக் கொடுக்கப்போறா. கிணற்றில் பங்கும் வழிவாய்க்காலும் சேர்த்து.

எனக்கு வந்த கோபத்தை இன்றைக்கும் நியாயப்படுத்த முடியும். வாய்ச்சொல்லாக இருந்தாலும் அது என் சீதனம். என் மகளுக்கு இருபத்திரண்டு வயது. என் கணவர் ஒன்றும் சொல்லவில்லை, ஒன்றும் சொல்லாமல் இருந்ததுதான் எனக்குப் பாரமாக இருந்தது. தம்பி ரொறன்ரோவிலிருந்து, “அம்மாவுக்கு யாரோ வேப்பிலை அடிச்சிட்டினம்” என்றான். மாமி நேரில் வந்தா. “மச்சாள், காணியைக் குடுக்கிறது புண்ணியம். நான் வேண்டாமெண்ணேல்ல. கிணத்தை ஏன் எழுதுறியள்? அவைக்கு வேறை கிணறு வெட்டிக் குடுங்கோவன்.”

“வெட்டக் காசு வைச்சிருக்கிறீரோ?” என்று கேட்டா அம்மா.

மாமியின் கேள்வியில்தான் எனக்கு விசயம் வெளித்தது. ஆறு பரப்பு போவது ஒருவருக்கும் அவ்வளவு நோகவில்லை. கிணறுதான் நொந்தது. எனக்கும்.

ஓர் இரவு நான் அழுதுகொண்டே கேட்டேன். “அம்மா, இருவத்தெட்டு வரியம் காணி இல்லாமத்தானே இருந்தனீங்கள். எல்லாத்தையும் ஆண்டவரிட்ட விட்டிட்டன் எண்டு கூட்டத்தில சாட்சி சொன்னனீங்கள். அது காணாதோ?”

அம்மா விளக்கைத் தணித்துக்கொண்டிருந்தா. “அது பொய்ச்சாட்சி, பிள்ளை. காணியை நான் விடேல்ல, பறிபோனது. பறிகுடுத்ததை ஆண்டவருக்குக் குடுத்தனான் எண்டு சொன்னதை நினைக்க வெக்கமாக் கிடக்கு. இப்பதான் திரும்பக் கையில தந்திருக்கு. இப்பதான் கேள்வி.”

“மனம் வந்துதான் குடுக்கிறியளோ?”

“மனம் வரேல்ல.” கொஞ்சம் பொறுத்துச் சொன்னா. “அந்தப் பணக்காரப் பெடியன் இயேசுவானவரிட்ட வந்து கேட்டிட்டு, துக்கத்தோட போனான் எண்டுதானே எழுதிக் கிடக்கு. போய் வித்தானோ, விக்கேல்லையோ எண்டு எழுதேல்ல. நான் நினைக்கிறன் அவன் போய் அழுதழுது வித்திருப்பான்.”

வேதசாத்திரம் படித்த யாரும் இந்த விளக்கத்தை ஏற்கமாட்டார்கள். எனக்கு அன்றைக்கு எதிர்த்துச் சொல்ல ஒன்றும் வரவில்லை. ஆனாலும் மூன்று மாதம் அம்மாவோடு தேவைக்குத்தான் கதைத்தேன்.

நொத்தாரிசு வீட்டுக்கு நானும் போனேன், வேறு ஆள் இல்லாததால். அப்பா இருந்திருந்தால் தேசவழமைப்படி அவருடைய சம்மதக் கையெழுத்தும் வேண்டியிருக்கும். கைம்பெண் ஆனதால் அம்மாவின் கையெழுத்தே போதும் என்றார் நொத்தாரிசு. நில அளவையாளர் புதிதாகக் கீறிய வரைபடத்தை வைத்து நன்கொடை உறுதியை ஏற்ற இறக்கம் இல்லாமல் வாசித்துக்கொண்டு போனார். அம்மா கண்ணை மூடிக் கூடவே வாயசைத்தா. பழைய உறுதியின் சொற்கள்தான், எல்லைகள் மட்டும் வேறு. கிணறு வந்த இடத்தில் அவர், “கிணற்றிற் பங்கு என்று எழுதியிருக்கிறேன், அள்ளும் உரிமை என்று மட்டும் போட்டாலும் போதும், பின்னுக்கு உங்களுக்குப் பிரச்சினை வராது” என்றார். அனுபவமுள்ள மனிதர், நல்லதற்குத்தான் சொன்னார்.

அம்மா கண்ணைத் திறந்தா. “பங்கு” என்றா.

எழுதி வாங்க வந்த மூவரில் மூத்தவர் கதிரையில் இருக்கவில்லை, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சின்ன வயதில் நான் தண்ணீர் ஊற்றின குடங்களில் ஒன்று அவருடைய தாயாருடையது. அம்மா கையெழுத்து வைத்து முடித்ததும், “கமக்காறிச்சி...” என்று தொடங்கினார். அம்மா கையைக் காட்டி நிறுத்தி, “அக்கா எண்டு சொல்லும்” என்றா. அவருக்கு வாய் வரவில்லை. ஒன்றும் சொல்லாமலே போய்விட்டார்.

அம்மா 2021இல் காலமானா. இப்போது இலந்தையடியில் மூன்று கல்வீடு இருக்கிறது. கிணற்றுக்கு மோட்டர் பூட்டியிருக்கிறார்கள், மின்சாரக் காசு நாலாகப் பிரிக்கிறோம். மகளுக்குப் பேசிவந்த ஒரு இடத்தில், பக்கத்தில் யார் இருக்கினம் என்று கேட்டுவிட்டுப் பிறகு வரவில்லை. அதை நான் அம்மாவின் கணக்கில் எழுதிய நாட்களும் உண்டு.

மிச்ச எட்டுப் பரப்பும் என் பெயரில். பேணி என் அலுமாரியில் இருக்கிறது. வடக்கெல்லை கரைந்த பழைய உறுதியையும் அதற்குள்ளேயே வைத்திருக்கிறேன். போன மாரியில் ஒரு ராத்திரி ஓடு விலகி அறைக்குள் தண்ணீர் கொட்டியது. மகளின் படிப்புச் சாட்சிப் பத்திரங்களும், அம்மாவின் வேதப்புத்தகமும் மேசையில் கிடந்தன. நான் இருட்டுக்குள் ஓடிப்போய்த் தூக்கியது பேணியைத்தான். தூக்கி, மூடி இறுகியிருக்கிறதா என்று தடவிப் பார்த்து, நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றேன். வேதப்புத்தகத்தை மகள் வந்து எடுத்தாள்.